தன் மொழியில் ஒரு சம்மதம்
பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் திருமண நேர்காணலும் மொழிபெயர்ப்பாளரும்

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரை மணக்கும் இந்தியப் பெண்ணோ ஆணோ, அந்தத் திருமணத்தைப் பிரான்ஸ் ஏற்க வேண்டுமானால், பெரும்பாலும் ஒரு நேர்காணலுக்குப் போய்வர வேண்டும். மணமக்கள் இருவரும் விரும்பித்தான் மணக்கிறார்களா, சேர்ந்து வாழும் எண்ணம் உண்மையில் இருக்கிறதா என்பதை அறிவதே அதன் நோக்கம். புதுச்சேரியில் இது மரைன் வீதியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் நடக்கிறது. புதுச்சேரியோடு தமிழ்நாடும் கேரளமும் அதன் எல்லைக்குள் வருகின்றன. லாஸ்பேட்டையில் படித்து வளர்ந்து, பாரிஸ் புறநகரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்படப் போகும் ஒரு பெண்ணுக்கு, பிரெஞ்சு அரசோடு ஏற்படும் முதல் நேரடிப் பேச்சு அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். அவருக்குப் பிரெஞ்சு தெரியாமல் இருக்கலாம். அதிகாரிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அப்போது நடுவில் அமரும் மொழிபெயர்ப்பாளர் எப்படிப்பட்டவர், எப்படி வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்து அந்தப் பேச்சின் பதிவே மாறிவிடும்.

புதுச்சேரிக்கு இது ஏன் அன்றாட விஷயம்?

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதிலிருந்து ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. சுமார் ஐயாயிரம் பேர் அப்படி விருப்பம் தெரிவித்தார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற, ஊரில் ‘சொல்தா’ என்று அழைக்கப்படுகிறவர்களின் குடும்பங்களும் இவர்களில் அடங்கும். அந்தக் குடும்பங்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையினர் பலர் பிரான்சில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் பெரும்பாலும் சொந்த ஊரைச் சுற்றியே நடக்கின்றன. ஒரே சாதி, ஒரே சமயம், சில சமயம் ஒரே குடும்பத்துக்குள்ளேயே, இரண்டு நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இருவர் மணமக்களாகிறார்கள்.

சட்டம் கேட்பது என்ன?

சம்மதம் இல்லையேல் திருமணமே இல்லை என்பது பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 146ஆம் பிரிவு. வெளிநாட்டில் நடக்கும் பிரெஞ்சுக் குடிமக்களின் திருமணங்களைச் சரிபார்ப்பதற்கு 2006 நவம்பர் 14 தேதியிட்ட சட்டம் தனி விதிகளை வகுத்தது. சிவில் சட்டத்தின் 171-1 முதல் 171-8 வரையுள்ள பிரிவுகள் அவை.

அந்த விதிகளின்படி, திருமணத்துக்கு முன்பே துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்துத் திருமணத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். விண்ணப்பம் வந்ததும் திருமண அறிவிப்பு பத்து நாள் ஒட்டி வைக்கப்படும். நேர்காணலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. சான்றிதழ் கிடைத்த பிறகு இந்தியச் சட்டப்படி திருமணம் நடக்கும். அந்தத் திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றப்படும். லிவ்ரே எனப்படும் குடும்பப் பதிவுப் புத்தகம் கைக்கு வரும். மனைவிக்கோ கணவருக்கோ நீண்டகால விசா கேட்பது அதற்கும் அடுத்த படி.

அதிகாரிக்கு வலுவான சந்தேகம் எழுந்தால் கோப்பு பிரான்சின் நாந்த் நகரிலுள்ள அரசு வழக்கறிஞருக்குப் போகும். திருமணத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்க அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. சான்றிதழ் பெறாமலே திருமணத்தை முடித்துவிட்டுப் பதிவு கேட்பவர்களுக்கு நேர்காணல் அதன் பிறகு நடக்கும். அதில் சந்தேகம் எழுந்தால் அரசு வழக்கறிஞர் முடிவெடுக்க ஆறு மாதம் வரை ஆகலாம். கோயிலில் தாலி கட்டிய பிறகு ஆற அமரத் தூதரகத்துக்குப் போகலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இந்துத் திருமணச் சட்டப்படி, முறையாகச் சடங்கு நடந்தாலே திருமணம் நடந்ததாகிவிடுகிறது. பதிவு என்பது அதற்கான சான்று மட்டுமே.

2006 ஏப்ரல் 4 தேதியிட்ட இன்னொரு சட்டம் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. பெண்களின் குறைந்தபட்சத் திருமண வயதை அது 15இலிருந்து 18 ஆக்கியது. அதோடு, கட்டாயத்தால் நடந்த திருமணம் செல்லாது என்று சொல்லும் 180ஆம் பிரிவில், பெற்றோர் போன்ற மூத்தவர்கள்மீதுள்ள மரியாதை கலந்த அச்சமும் கட்டாயத்தில் அடங்கும் என்று சேர்த்தது. பெரியவர்கள் பேசி முடிக்கும் திருமணத்தை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. பெரியவர்களின் பேச்சுக்கு அடியில் பெண்ணின் சொந்தச் சம்மதம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது.

இரண்டு ஊர், இரண்டு மொழி, ஒரே கேள்வி

எப்படி அறிமுகமானீர்கள், யார் வரன் சொன்னது, நிச்சயதார்த்தம் எப்போது, எத்தனை முறை சந்தித்தீர்கள், அவர் என்ன வேலை செய்கிறார், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், முன்பு திருமணம் ஆனதுண்டா, எங்கே குடியிருக்கப் போகிறீர்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள் என்பவை வழக்கமான கேள்விகள். இருவரையும் சேர்த்து வைத்தும் கேட்கலாம், தனித்தனியாகவும் கேட்கலாம். கோப்பைப் பார்க்கும்போதே சம்மதம் குறித்து ஐயம் தோன்றினால் தனித்தனியாகவே கேட்க வேண்டும் என்கிறது 2021 ஆகஸ்ட் 24 தேதியிட்ட சட்டம்.

மாப்பிள்ளை பிரான்சில் இருந்தால், அவரை அவர் குடியிருக்கும் ஊரின் நகராட்சியிலேயே விசாரிக்கும்படி துணைத் தூதரகம் கேட்டுக்கொள்ளலாம். அப்போது அவர் அங்கே பிரெஞ்சில் பதில் சொல்வார். அதே கேள்விக்குப் பெண் புதுச்சேரியில் தமிழில் பதில் சொல்வார். இரண்டு பதிவுகளும் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப்படும். மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு சிறு பிசகு, அந்தத் தாளில் இருவருக்கும் இடையிலுள்ள முரண்பாடாகத் தெரியும். படிப்பவர் நாந்த் நகரில் இருப்பவர். பெண்ணின் முகத்தைப் பார்த்தவரும் அல்லர், குரலைக் கேட்டவரும் அல்லர்.

யார் மொழிபெயர்க்கலாம்?

தமிழ் அறிந்த தூதரக ஊழியரோ, தூதரகம் ஏற்கும் மொழிபெயர்ப்பாளரோ இந்தப் பணியைச் செய்வது முறையானது. பிரான்சிலோ மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. 1971 ஜூன் 29 தேதியிட்ட சட்டம் இதற்கு அடிப்படை. அந்தப் பட்டியல்களில் தமிழுக்கும் ஆட்கள் உண்டு.

மணமக்களில் ஒருவர் மற்றவருக்கு மொழிபெயர்ப்பது கூடாது. மாப்பிள்ளையின் அக்கா, பெண்ணின் மாமா, வரன் கொண்டுவந்த தரகர், விசா வேலையை எடுத்துச் செய்யும் ஏஜென்ட் ஆகியோரும் தவிர்க்க வேண்டியவர்கள்தான். அவர்கள் பொய் சொல்வார்கள் என்பது இதற்குக் காரணம் அல்ல. அன்பினாலேயே அவர்கள் பதிலைத் திருத்திவிடுகிறார்கள். பெண் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தை மறைத்துச் சொல்கிறார்கள். கேள்வி கடுமையாக இருந்தால் மென்மையாக்கிக் கேட்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்த தேதியைத் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விருப்பமில்லாத பெண் மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் “எனக்கு இஷ்டமில்லை” என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். வயது வராத ஒருவரை விசாரிக்கும்போது பெற்றோரும் வருங்காலத் துணையும் உடனிருக்கக் கூடாது என்று சட்டமே சொல்வதன் நியாயமும் இதுதான்.

ஒரு தரப்பைச் சேர்ந்தவர் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பப் பிள்ளையை 1716இல் ஆளுநர் எபேர் கைது செய்து விசாரித்துத் தண்டித்தார். அடுத்த ஆண்டே பிள்ளை சிறையில் இறந்தார். விசாரணையில் மொழிபெயர்த்தவர், அவரை எதிர்த்துவந்த இயேசு சபையாருக்கு நெருக்கமான குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது அவர் தரப்பு பிரான்சில் வைத்த முறையீட்டின் முக்கிய வாதங்களில் ஒன்று. தண்டனை பின்னர் நீக்கப்பட்டது. பிள்ளையின் மகன் குருவப்பா பிரான்சுக்கே போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பி, தந்தை வகித்த பதவியில் அமர்ந்தார். நீக்கப்பட்ட தண்டனையால் இறந்தவர் திரும்பி வரவில்லை. நடுநிலையான மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது அதிகாரியிடம் வைக்கும் சலுகைக் கோரிக்கை அல்ல. விசாரணை செல்லத்தக்கதாக இருப்பதற்கே அது தேவை.

வேலை நடக்கும் விதம்

இத்தகைய நேர்காணலில் ஒருவர் பேசி நிறுத்திய பிறகே மொழிபெயர்ப்பு தொடங்கும். நல்ல மொழிபெயர்ப்பாளர் தன்மையில் பேசுவார். “நான் அவரை முதலில் என் சித்தி வீட்டில் பார்த்தேன்” என்று பெண் சொன்னால், பிரெஞ்சிலும் அது “நான்” என்றுதான் இருக்கும்; “பார்த்ததாகச் சொல்கிறார்” என்று மாறாது. சொன்னதில் எதையும் விடமாட்டார், சொல்லாத எதையும் சேர்க்கமாட்டார். ஒரு சொல் விளங்கவில்லை என்றால், அதை அதிகாரியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் திரும்பக் கேட்பார். எப்படிப் பதில் சொல்லலாம் என்று யோசனை தரமாட்டார். கேட்டவற்றை வெளியில் பேசமாட்டார்.

பதில் சொல்பவருக்கும் சில பழக்கங்கள் உதவும். இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் கதை சொல்வதுபோல் அல்லாமல், கேள்வி கேட்ட அதிகாரியைப் பார்த்துப் பேச வேண்டும். புரியாத கேள்விக்குத் தலையாட்டக் கூடாது. தமிழரின் தலையசைப்பு வெளிநாட்டவருக்கு ஆம் என்றும் தெரியலாம், இல்லை என்றும் தெரியலாம். “புரியலை, திரும்பக் கேளுங்க” என்று சொல்வதில் குறை ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரியாது என்றும், நினைவில் இல்லாததை நினைவில் இல்லை என்றும் சொல்வதே பாதுகாப்பு. பள்ளியிலோ அலியான்ஸ் பிரான்சேசிலோ கொஞ்சம் பிரெஞ்சு படித்தவர்கள் பாதியைப் பிரெஞ்சிலும் மீதியைத் தமிழிலும் சொல்லத் தொடங்கினால், எந்தப் பாதியை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் பதில் சிதறும். முகமன் பிரெஞ்சில் இருக்கட்டும். வாழ்க்கையைப் பற்றிய பதில் நன்றாகத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும்.

தமிழில் தவறும் இடங்கள்

தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போகும்போது அடிக்கடி சறுக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது உறவுமுறை. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 163ஆம் பிரிவு தாய்மாமனும் அக்காள் மகளும் மணப்பதைத் தடுக்கிறது. பாரதூரமான காரணம் இருந்தால் குடியரசுத் தலைவர் விலக்கு அளிக்கலாம் என்கிறது 164ஆம் பிரிவு. அத்தை மகனையோ மாமன் மகளையோ மணப்பதற்குத் தடை இல்லை. பெண் தன் கணவராகப் போகிறவரை “மாமா” என்று குறிப்பிட்டு, அது பிரெஞ்சில் தாயின் உடன்பிறந்தவர் என்று போய்விட்டால், தடைசெய்யப்பட்ட திருமணமாக அது பதிவாகும். உண்மையில் அவர் அத்தை மகனாகவோ, உறவே இல்லாதவராகவோ இருக்கலாம். அதேபோல் மாப்பிள்ளை தனக்கு ஒரே தம்பி என்று சொல்லியிருக்க, பெண் “கொழுந்தனார் மூணு பேர்” என்று சித்தப்பா பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்னால், தாளில் அது முரண்பாடு. “அவருடைய அப்பாவின் தம்பி மகன்” என்று உறவை விரித்துச் சொல்வதே இதற்கு வழி.

இரண்டாவது தேதி. “தை கடைசி முகூர்த்தத்தில் நிச்சயம்” என்பது பிப்ரவரி என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிய வேண்டும். பெண்ணே ஆங்கிலத் தேதியைச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. பெண் பார்த்தது, பூ வைத்தது, நிச்சயதார்த்தம், பதிவுத் திருமணம், தாலி கட்டியது ஆகிய ஒவ்வொன்றும் தனி நிகழ்ச்சி. எல்லாமே ஒரே பிரெஞ்சுச் சொல்லில் அடங்கிவிட்டால் தேதிகள் ஒன்றோடொன்று மோதும்.

மூன்றாவது பெயர். தமிழரின் இனிஷியல் பிரெஞ்சு ஆவணத்தில் விரிந்து தந்தை பெயராக, சில சமயம் குடும்பப் பெயராக நிற்கும். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றிலும் பெயர் வெவ்வேறாக இருந்தால், அதற்கான காரணத்தை நேர்காணலுக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

நான்காவது பணம். போலித் திருமணத்தின் அறிகுறிகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சரவை 1997 டிசம்பர் 4 அன்று ஒரு தீர்மானத்தில் பட்டியலிட்டது. மணப்பதற்காகப் பணம் கைமாறியிருப்பது அவற்றில் ஒன்று. சீதனம் தருவது வழக்கமாக உள்ள நாட்டவரின் சீதனத்துக்கு மட்டும் அதே தீர்மானம் விலக்கு அளித்தது. ஆனால் இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். பெற்றோர் தாமாக மகளுக்குப் போட்ட நகையையும், கேட்டு வாங்கிய பணத்தையும், குடியுரிமைக்காகக் கொடுத்த விலையையும் ஒரே சொல்லால் சொல்லிவிடக் கூடாது. கேட்டால், என்ன, யார், யாருக்குக் கொடுத்தார் என்று உள்ளபடி சொல்ல வேண்டும்.

ஐந்தாவதும் முக்கியமானதும் சம்மதம். “வீட்டில் பேசி முடிச்சாங்க, எனக்கும் பிடிச்சிருந்தது, சரின்னேன்” என்று தமிழ்ப் பெண் சொல்வது இயல்பு. மொழிபெயர்ப்பாளர் முதல் பகுதியை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால், பெரியவர்கள் முடிவு செய்தார்கள் என்பது மட்டுமே பதிவாகும்; 180ஆம் பிரிவு தேடும் கட்டாயத்தின் நிழல் அதில் விழும். மறுபக்கம், “பெரியவங்க சொன்னா சரிதான்” என்று மட்டும் ஒரு பெண் சொல்லும்போது, அதை “நான் அவரைக் காதலிக்கிறேன்” என்று மெருகேற்றிச் சொல்வதும் துரோகம்தான். அந்தப் பதிலில் தயக்கம் இருந்தால், அந்தத் தயக்கம் அதிகாரிக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் இன்னொரு முறை கேட்கும் கேள்வி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றக்கூடும்.

தமிழுக்குள்ளேயே வேறுபாடுகள் உண்டு. பிரான்சில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களில் இலங்கைத் தமிழரும் உள்ளனர். யாழ்ப்பாண வழக்கில் “எழுத்து” என்றால் திருமணப் பதிவு. புதுச்சேரிப் பெண்ணுக்கு அது விளங்காது. தொடக்கத்திலேயே இரண்டு நிமிடம் பொதுவாகப் பேசிப் பார்த்து, ஒருவர் தமிழ் மற்றவருக்குப் புரிகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

தம்பதிக்குள் பேசும் மொழி

அதே 1997 தீர்மானம், இருவருக்கும் புரியும் பொது மொழி இல்லாததையும் ஒரு அறிகுறியாகச் சொல்கிறது. அதிகாரியிடம் பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவது வேறு. மணமக்கள் தங்களுக்குள் பேச ஒருவர் தேவைப்படுவது வேறு. பிரான்சில் வளர்ந்த மாப்பிள்ளையின் தமிழ் கொச்சையாக இருக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். தினமும் வாட்ஸ்அப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொள்கிறார்கள் என்றால் அதை அப்படியே சொன்னால் போதும். அவருக்குத் தமிழ் நன்றாக வரும் என்று பெருமைக்காகச் சொல்லிவிட்டு, அதிகாரி முன்னிலையில் இரண்டு வாக்கியம் பேச முடியாமல் நின்றால், உண்மையான திருமணம்கூடப் போலியாகத் தோன்றும். பிரான்சில் வசிக்கும் உரிமைக்காகவோ குடியுரிமைக்காகவோ போலித் திருமணம் செய்தால் ஐந்தாண்டு சிறையும் 15,000 யூரோ அபராதமும் விதிக்கலாம். சந்தேகத்துக்கு இடம் தராமல் இருப்பது அவ்வளவு முக்கியம்.

கையெழுத்துக்கு முன்

நேர்காணலின் பதிவு பிரெஞ்சில் எழுதப்படுகிறது. கையெழுத்திடச் சொன்னால், அதை முழுவதும் தமிழில் படித்துச் சொல்லும்படி கேட்க வேண்டும். தேதி, பெயர், உறவு, சம்மதம் ஆகிய நான்கையும் அப்போது சரிபார்க்கலாம். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு சரியாகப் புரியவில்லை என்றால் அதையும் பதிவில் குறிக்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு எழுதும் விளக்கக் கடிதத்துக்கு அந்தத் தாளில் உள்ள வரியின் வலு இருக்காது. அரசு வழக்கறிஞர் ஆட்சேபம் தெரிவித்தால் நாந்த் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து முறையிடலாம். ஆனால் அங்கும் நீதிபதி முதலில் புரட்டிப் பார்ப்பது இந்தப் பதிவைத்தான்.

மற்ற நாடுகளில்

அமெரிக்கக் குடிமக்களை மணந்து இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் போன்ற இடங்களில் நேர்காணல் நடக்கிறது. அமெரிக்காவுக்குள்ளேயே நிரந்தரக் குடியிருப்பு கேட்பவர்கள் குடிவரவு அலுவலகத்துக்குச் சொந்த மொழிபெயர்ப்பாளரை அழைத்துவரலாம். அவரும் விண்ணப்பதாரரும் ஜி-1256 என்ற படிவத்தில் கையெழுத்திட்டு, உள்ளபடி மொழிபெயர்ப்பதாக உறுதியளிக்க வேண்டும். விண்ணப்பதாரரின் வழக்கறிஞரே மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பதை அந்த அலுவலகம் ஏற்பதில்லை. சிறுவர்களையும் வழக்கில் சாட்சியாக இருப்பவர்களையும் அது தவிர்க்கிறது; சார்புடையவர் என்று தோன்றினால் அதிகாரி ஒருவரை மறுக்கலாம். விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: பேசுகிறவர் மணமக்களாக இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பவர் யாருக்கும் வேண்டியவராக இருக்கக் கூடாது.

நேர்காணலுக்குப் போகும் குடும்பங்கள் நகைக்கும் மண்டபத்துக்கும் செலவிடும் கவனத்தில் சிறு பங்கை இதற்கும் தர வேண்டும். விண்ணப்பிக்கும்போதே, “பெண் தமிழில் பதில் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் தேவை” என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பதில்களை மனப்பாடம் செய்விக்க வேண்டாம். உள்ளே அவரைத் தனியாகப் பேச விட வேண்டும்.